அடுத்த கோச் வெளிநாட்டுக்காரரா, நம்மாளா?

இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கால்பந்தில் ஆடும் நம் ஊர் அணி சென்னையின் எஃப்சிக்கு அடுத்த கோச் யார் என்று பேச்செடுத்தால், மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்துப் பக்கம் இரண்டு கட்சிதான். என் ஓட்டு இந்தியருக்கு.

எதிர்க்கட்சியின் வாதம் லேசானதல்ல. 2015-இல் மாட்டெராஸி, 2017-18-இல் ஜான் கிரிகரி; அணி வென்ற இரண்டு ஐஎஸ்எல் கோப்பையும் வெளிநாட்டுக் கோச்சுகள் வாங்கித் தந்தவைதான். 2019 டிசம்பரில் மூழ்கிக்கொண்டிருந்த அணியை ஓவன் காயில் இறுதிப்போட்டி வரை இழுத்துப்போனார். அவரையே மறுபடி கூப்பிடலாம் என்பவர்கள் அவருடைய இரண்டாம் சுற்றையும் பார்க்க வேண்டும்: 2024-25-இல் 13 அணிகளில் 11-ஆம் இடம்.

முடிவைத் தீர்மானிப்பது ஒரே ஒரு விதி. நம் கொலம்பிய ஸ்ட்ரைக்கர் மெண்டோசா 13 கோல் அடித்த 2015-இல் களத்தில் ஒரே நேரத்தில் 6 வெளிநாட்டவர் வரை ஆட முடிந்தது. 2017-18-இல் அது 5 ஆனது, 2021-22 முதல் 4. அதாவது பதினொருவரில் குறைந்தது ஏழு பேர் இந்தியர். அந்த ஏழு பேரை யார் சரியாகப் பொறுக்குகிறாரோ அவர் அணிதான் நிற்கும். வெளியிலிருந்து வருபவர் சீசனுக்குச் சில வாரம் முன்னால் இறங்கினால், இந்திய வீரர்களின் ஒப்பந்தம் பெரும்பாலும் அதற்குள் முடிந்திருக்கும். தெரியாத ஆட்களை நம்பாமல், தனக்குத் தெரிந்த நால்வரை சென்டர் பேக், நடுக்களம், ஸ்ட்ரைக்கர் என்று நடுவரிசையில் நிறுத்துவார். நம் பையன்களுக்கு ஓரங்கள் மிச்சம். பாதி சீசனில் ஸ்ட்ரைக்கருக்குத் தொடை நரம்பு பிடித்தால், பெஞ்சில் இருக்கும் இந்திய ஸ்ட்ரைக்கர் சேர்ந்தாற்போல் இரண்டு ஆட்டம்கூட முழுதாக ஆடியிருக்க மாட்டார். கோச்சை நீக்கினாலோ, அவர் பாணிக்கென எடுத்த நால்வர் சம்பளத்தோடு தங்கிவிடுவார்கள்.

இன்னொரு தேசிய கிளப் லீக்கான ஐ-லீக்கையும், மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபியையும் வருடக்கணக்கில் பார்த்த கோச்சுக்கு இந்தச் சிக்கல் பாதிதான். 2016-17-இல் மிசோரம் கிளப்பான ஐஸ்வாலை ஐ-லீக் சாம்பியன் ஆக்கிய காலித் ஜமீல், ஒடிசா எஃப்சிக்கு 2023 சூப்பர் கோப்பை வாங்கித் தந்த கிளிஃபோர்டு மிராண்டா இரண்டு பேரும் இதற்குச் சாட்சி. மிராண்டாவை 2025-இல் அமர்த்தியபோதே கிளப்பும் இந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. திண்டுக்கல் பையன் ஒருவன் மேலே வரவும் இந்த வழியே தோது.

குறையும் உண்டு. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு தரும் உச்ச கோச்சிங் சான்றான ஏஎஃப்சி ப்ரோ லைசென்ஸ் கையில் உள்ள இந்தியர்கள் கொஞ்சம்தான். ஐஎஸ்எல்லில் முழு சீசன் பொறுப்பேற்றவர்கள் அதிலும் சொற்பம். அதை வைத்து அடித்துச் சொல்ல எனக்கே தயக்கம்தான். பின்வரிசையை இறக்கி வைத்து எதிரடி ஆடும் பழக்கம் சிலருக்கு; சொந்த மைதானத்தில் அது எடுபடாது. வெளிநாட்டு வீரர் தேர்விலும் ஏஜென்ட் அனுப்பும் வீடியோவை நம்பினால் கதை கந்தல்.

எப்படியும் வெளிநாட்டுக்காரர்தான் என்றால், துணைக் கோச் பெயரைப் பாருங்கள். கிரிகரிக்குத் துணையாகத் தமிழ்நாட்டுக்காரர் சபீர் பாஷா இருந்தார். அப்படி ஒருவருக்கு இந்திய வீரர் தேர்வில் நிஜமான அதிகாரம் இருந்தால், நானும் கட்சி மாறத் தயார்.