வேகம் 0.98

மூன்று வாரம் அப்பா அம்மாவோடு இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். விமானம், வங்கி வேலை, பத்திரவேலை எல்லாம் ஒழுங்காக முடிந்தன. அதில் எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியது அப்பாவின் கணினியைப் பற்றி.

இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அப்பா பாதி வார்த்தையில் வாயைத் திறந்தபடி உறைந்துவிடுவார். "உங்க நெட் சரியில்லப்பா, மோடத்தை அணைச்சுப் போடுங்க" என்பேன். அவரும் சலிக்காமல் எழுந்து போய் அணைத்துப் போடுவார். நேரில் போய் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அந்த மோடம் ஒரு பாவமும் அறியாதது என்று.

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். எது எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜர் திறக்கவே ஒரு நிமிடம் ஆனது. சிபியு, அதாவது கணினியின் மூளையான செயலி, 100 சதவீதம். அந்தத் தலைப்பின் மேல் தட்டினால் அதிகம் இழுப்பது மேலே வரும். வந்தன இரண்டு ஆன்டிவைரஸ்கள். ஒன்று கணினி வாங்கும்போதே கூட வந்தது. மற்றது எப்போதோ ரிப்பேருக்கு வந்தவர் போட்டுவிட்டுப் போனது. இரண்டுக்கும் சந்தா முடிந்துவிட்டது, ஆனாலும் இரண்டும் ஓடுகின்றன. ஒன்று ஒரு ஃபைலைத் தொட்டால் மற்றது "என்ன அது?" என்று தானும் சோதிக்கிறது. இரண்டையும் நீக்கி ரீஸ்டார்ட் செய்ததும் விண்டோஸின் சொந்த டிஃபென்டர் தானாக விழித்துக்கொண்டது. ஸ்டார்ட்அப் பட்டியலில் தேவையில்லாமல் கூடவே எழுந்துகொண்டிருந்த ஏழெட்டையும் அணைத்தேன்.

அப்பா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த சிஸ்டம் ஐடில் பிராசஸ்தான்டா எல்லாத்தையும் திங்குது. ஒரு தடவை 97 சதவீதம் காட்டுச்சு. நிறுத்தலாம்னு பார்த்தா நிக்கவே மாட்டேங்குது." அது செயலி சும்மா இருக்கும் நேரத்தின் கணக்கு, எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று விளக்கினேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

அப்புறம்தான் கூத்து. பத்து நிமிடத்தில் டாஸ்க் மேனேஜரில் சிபியுவின் வரைகோடு மெல்ல இறங்கி 30 சதவீதத்தில் நின்றது. "சரியாயிடுச்சுப்பா" என்று எழுந்தேன். அவர் உட்கார்ந்து பிரவுசரைத் திறந்தார். முன்பைவிட மெதுவாக இருந்தது! சிபியு 30, மெமரியில் பாதிக்குமேல் காலி, டிஸ்க் அமைதி. யாருமே வேலை செய்யவில்லை, ஆனால் எதுவும் நகரவில்லை.

நான் வெளிநாட்டில் சம்பாதிப்பது மென்பொருளில். அந்த மரியாதைக்காக இரண்டு ராத்திரி முட்டினேன். விண்டோஸின் பின்னணி வேலைகளை ஓட்டும் எஸ்விசிஹோஸ்ட்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன், தேடல் இன்டெக்ஸை நிறுத்தினேன், அவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடில் எழுப்பினேன். அங்கே என் ஆபீசில் கணினி மெதுவானால் டிக்கெட் போடுவேன், அதாவது ஆன்லைனில் புகார் பதிவேன். முகம் தெரியாத ஒருவர் தொலைவிலிருந்து என் திரைக்குள் புகுந்து ஏதோ செய்வார். அதிலும் சரியாகாவிட்டால் புதுசு வந்துவிடும். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தே பல வருடமாகிறது.

மூன்றாம் நாள் சர்வீஸுக்குப் போன் செய்தேன். "அரை மணி நேரத்துல வரேன் சார்" என்றவர் மறுநாள் மத்தியானம் வந்தார். சின்னப் பையன். எல்லாவற்றையும் அழித்து ஃபார்மேட் செய்யணும் என்று ஆரம்பிப்பான், ஒரு வார்த்தை சொல்லட்டும், பிடித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். அவன் கீபோர்டைத் தொடவே இல்லை. மேசைக்கு அடியில் குனிந்து, சுவரோடு ஒட்டிக் கிடந்த பெட்டியின் பின்பக்கம் உள்ளங்கையை வைத்தான். "சார், கொதிக்குது."

பிறகு நான் இரண்டு ராத்திரியாக வெறித்துக்கொண்டிருந்த அதே திரையில், வரைகோட்டுக்குக் கீழே விரலை வைத்தான். வேகம்: 0.98 கிகாஹெர்ட்ஸ். பக்கத்திலேயே அடிப்படை வேகம்: 3.20. நான் சதவீதத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் இந்த எண் கண்ணில் படவே இல்லை. சூடு எல்லை மீறினால் செயலி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விண்டோஸ் 10 டாஸ்க் மேனேஜர் சதவீதத்தை அடிப்படை வேகத்தை வைத்துக் கணக்கிடுகிறது. அதனால் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் உயிரைக் கொடுத்து ஓடினாலும் காட்டுவது 30தான். நான் சரிசெய்துவிட்டதாக நினைத்த இறக்கம், செயலி மூச்சுத் திணறியது.

மூடியைக் கழற்றினான். ஃபேனுக்கும் அதற்குக் கீழே உள்ள அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் தூசு கம்பளித் துண்டு மாதிரி படிந்திருந்தது. விரலால் இழுத்தால் முழுசாக உரிந்து வருகிறது. ஃபேனும் தகடுகளும் சேர்ந்த கூலரைப் பிடித்திருக்கும் நாலு பிளாஸ்டிக் கால்களில் ஒன்று துளையிலிருந்து வெளியே வந்து நின்றது. அடியில், செயலியின் சூட்டைக் கூலருக்குக் கடத்த வைத்திருந்த பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகிவிட்டது. ஃபேன் சுழன்றுவிடாமல் விரலால் பிடித்துக்கொண்டு பிரஷால் தட்டினான், பழைய பேஸ்டைத் துடைத்துப் புதிதாக ஒரு துளி வைத்தான், கால்களை எதிரெதிர் மூலையாக அழுத்தினான். நாலாவது காலும் 'டக்' என்றது. மொத்தம் இருபது நிமிடம். பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்கச் சொன்னான். பழைய ஹார்ட் டிஸ்குக்குப் பதில் அதைவிட வேகமான எஸ்எஸ்டி போடலாம் என்றான். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டதையும் நினைவுபடுத்தினான். அது எனக்கும் தெரியும் என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

வேகம் 3.20-க்கு வந்தது. ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தேன், இறங்கவில்லை. ஒரு நாள் தாமதமாக வந்ததற்காக அவனிடம் கேட்க வைத்திருந்த கேள்வியை நான் கேட்கவே இல்லை.

திரும்பி வந்து முதல் ஞாயிறு. அப்பாவின் படம் கண்ணாடி மாதிரி வருகிறது, பின்னால் அம்மா நடந்து போவதுகூடத் தெரிகிறது. பேசிக்கொண்டே இருந்தவர் திடீரென்று திரைக்குப் பக்கத்தில் வந்து உற்றுப் பார்த்தார்.

"டேய், நீதான் இப்ப நின்னு நின்னு வர்றே. உங்க நெட் சரியில்ல போல. மோடத்தை அணைச்சுப் போடு."