2.4-ஆ, 5-ஆ, கேபிளா?

புதிதாக இணைய இணைப்பு வாங்கிய வீட்டில் கைபேசியைத் திறந்தால் பெரும்பாலும் இரண்டு வைஃபை பெயர்கள் தெரியும். ஒன்றின் வாலில் '5ஜி' என்றிருக்கும். கைபேசி நிறுவனங்கள் விற்கும் 5ஜி வேறு, இது வேறு. அது ஐந்தாம் தலைமுறைச் சேவை. இது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. வால் இல்லாத பெயர் 2.4 கிகாஹெர்ட்ஸ். வீட்டுக்குள் வரும் இணையம் ஒன்றுதான். ரவுட்டரிலிருந்து நம் கருவிவரை அது எந்த வழியாக வருகிறது என்பதில்தான் வேறுபாடு. மூன்றாவது வழியும் உண்டு: ரவுட்டரின் முதுகில் தூசு படிந்து கிடக்கும், கேபிள் செருகுவதற்கான லேன் துளைகள். அவற்றை யாருமே கண்டுகொள்வதில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

2.4-இன் அலைநீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். 5-இன் அலை அதில் பாதிகூட இல்லை. நீண்ட அலை சுவரைத் தாண்டுவதில் கெட்டி. ஆனால் 2.4 ஒரு குறுகலான தெரு. ஒன்றோடொன்று மோதாமல் ஓடக்கூடிய சேனல்கள், அதாவது தடங்கள், 1, 6, 11 என மூன்றுதான். அடுக்குமாடி வீடுகளில் மேல்வீடு, கீழ்வீடு, எதிர்வீடு எல்லாரும் அந்த மூன்றுக்குள்தான் நெருக்கியடிக்கிறார்கள். ப்ளூடூத்தும் அங்கேதான், மைக்ரோவேவ் அடுப்பும் அதே பகுதியில்தான் இரைச்சல் எழுப்புகிறது. சிக்னல் கோடுகள் முழுதாக இருந்தும் வீடியோ நின்று நின்று ஓடுவதற்கு இந்த நெரிசல் முக்கியக் காரணம். கோடுகள் காட்டுவது சிக்னலின் வலிமையை, கூட்டத்தை அல்ல.

5 அகலமான சாலை. இந்தியாவில் 2018-இல் இந்த அலைவரிசையின் பெரும்பகுதி உரிமம் இல்லாத பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டது. ரவுட்டர் இருக்கும் அறையிலேயே உட்கார்ந்தால் இதற்கு நிகரில்லை. குறுக்கே கான்கிரீட் சுவரோ இரும்பு பீரோவோ வந்தால் தளர்ந்துவிடும். எங்கள் கூடத்தில் பாய்ந்து வரும் 5, இரண்டு சுவர் தாண்டிய சமையலறை மேடையில் ஒற்றைக் கோடாகச் சுருங்குகிறது. அங்கே 2.4-தான் கைகொடுக்கிறது.

இனி கேபிள். வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் பெரும்பாலும் ஒரு கருவிதான் பேச முடியும். மற்றவை காத்திருக்க வேண்டும். கேபிளில் தரவு ஒரே நேரத்தில் போகவும் வரவும் முடியும். பக்கத்து வீட்டுக்காரரின் இரைச்சலும் இல்லை. சாதாரண 'கேட் 5இ' (Cat 5e) வகை லேன் கேபிளே 100 மீட்டர்வரை நொடிக்கு 1 கிகாபிட் தாங்கும். காணொலிக் கூட்டத்தில் குரல் அறுபடாமல் இருக்க வேகத்தைவிடச் சீரான வரத்து முக்கியம். அதில் கேபிளை வைஃபை எட்டவே முடியாது.

குறை இல்லாமல் இல்லை. எங்கள் மேசைக் கணினியில் வேகம் 100 மெகாபிட்டைத் தாண்டவே இல்லை. கேபிள் முனையிலிருந்த கண்ணாடி போன்ற பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எட்டுக் கம்பிகளில் பழுப்பு நிறக் கம்பி மட்டும் நுனிவரை எட்டாமல் அரை மில்லிமீட்டர் பின்வாங்கி நின்றது. 100 மெகாபிட்டுக்கு நான்கு கம்பிகள் போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். முனையை வெட்டிப் புதுப் பிளக் அழுத்தியதும் சரியாகிவிட்டது. (100 மெகாபிட் என்றால் நொடிக்கு 100 எம்பி இறங்கும் என்று எண்ண வேண்டாம். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட், ஆகவே 12.5 மெகாபைட்.)

இடம் மாறாத டிவிக்கும் மேசைக் கணினிக்கும் கேபிள். கூடத்தில் கைபேசிக்கும் மடிக்கணினிக்கும் 5. கோடி அறைக்கும், வைஃபை பல்பு, ஸ்விட்ச் போன்றவற்றுக்கும் 2.4 என்று பிரித்துக்கொடுங்கள். அந்தச் சிறு கருவிகளில் பலவற்றுக்கு 5 தெரியவே தெரியாது. சிக்னல் எட்டாத அறைக்கு ரிப்பீட்டர் (வைஃபையை வாங்கித் திரும்ப அனுப்பும் கருவி) வாங்கும் முன்பு ஒரு கணம் யோசியுங்கள். ஒற்றை அலைவரிசை ரிப்பீட்டர் கேட்டதையே அதே சேனலில் திருப்பிச் சொல்வதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். சுவரோரமாக ஒரு லேன் கேபிளை இழுத்து, அந்த அறையில் இன்னொரு ரவுட்டரை அக்சஸ் பாயின்ட்டாக (கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகத் தரும் கருவியாக) வைத்தால் அந்த இழப்பு இல்லை.