ஒக்கினாவாவில் கல்யாண போட்டோ வேலைக்கு அழைப்பு வந்திருந்தால் இதைப் படித்துவிட்டு பதில் போடுங்கள்

ஜப்பானின் தெற்கே இருக்கும் ஒக்கினாவா தீவில் ஃப்ரீலான்ஸாக கேமராவை வைத்துப் பிழைக்கும் நம் ஆட்களில் சிலர் ஒரே ஏஜென்சியைப் பற்றி என்னிடம் விசாரித்துக்கொண்டே இருக்கிறார்கள். கடற்கரைக் கல்யாணங்களுக்கு போட்டோகிராபர் பிடித்துக் கொடுக்கிற கம்பெனி. பெயரை இங்கே போட மாட்டேன், ஜப்பானில் உண்மையை எழுதினாலும் அவதூறு என்று வழக்குப் போட இடமிருக்கிறது, அந்தத் தலைவலி எனக்கு வேண்டாம். எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன். ஒரு சீசன் முழுக்க அவர்களுக்கு வேலை செய்தவன் நான்.

இங்கே வேலை வரும் வழியே கொஞ்சம் சிக்கலானது. ஜப்பானின் மற்ற ஊர்களிலிருந்தும் தைவான், ஹாங்காங்கிலிருந்தும் ஜோடிகள் வருவார்கள், ஒன்னா கிராமத்துப் பக்கம் வரிசையாக இருக்கிற ரிசார்ட்டுகளில் கடலைப் பார்த்தபடி கல்யாணம், அப்புறம் மணலில் போட்டோ. ஜோடியின் பணம் கல்யாணக் கம்பெனிக்குப் போய், அங்கிருந்து ஏஜென்சிக்குப் போய், கடைசியாகத்தான் நமக்கு வரும். நடுவில் எவ்வளவு நிற்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தலைநகர் நாஹாவின் மோனோரயில் பக்கத்து ஊரான உராசோயேவோடு முடிந்துவிடும், அதைத் தாண்டி ரயிலே கிடையாது, அதனால் கார், பெட்ரோல், எக்ஸ்பிரஸ்வே சுங்கம் எல்லாம் நம் கையிலிருந்து. உப்புக் காற்றிலும் ஈரத்திலும் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொள்கிற செலவும் நம்முடையதுதான்.

இந்த ஏஜென்சி சம்பளத்தைப் போனில் மட்டும்தான் பேசும். லைன் என்ற மெசேஜ் செயலியில் வருவது தேதி, கடற்கரையின் பெயர், ஜோடியின் குடும்பப் பெயர், அவ்வளவுதான். ஒப்பந்தம் அனுப்புங்கள் என்று கேட்டால் "முதல் வேலை முடியட்டும்" என்பார்கள், முதல் வேலை முடிந்ததும் "மாதக் கடைசியில் சேர்த்துப் போட்டுவிடலாம்" என்பார்கள். நான் விடாமல் ஒவ்வொரு போன் பேச்சுக்குப் பிறகும் "நீங்கள் சொன்ன தொகை இது, பணம் தரும் தேதி இது, சரிதானே?" என்று எழுதி அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கரடி குனிந்து வணக்கம் சொல்லும் ஸ்டிக்கர் வரும். எழுத்தில் ஒரு வார்த்தைகூட வராது. பின்னால் அந்தக் கரடிதான் எனக்கு உதவியது, அதற்கு வருகிறேன்.

இரண்டாவது விஷயம், புயல். ஒக்கினாவாவை ஆண்டுக்குச் சராசரியாக ஏழெட்டுப் புயல்கள் நெருங்கும், ஆகஸ்டை ஒட்டி அதிகம். ஆகவே கல்யாணம் ரத்தாவது இங்கே சகஜம், அதில் யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களுக்காகத் தேதியைப் பிடித்து வைத்து, வேறு வேலையை வேண்டாமென்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன், விமானங்கள் ரத்தானதும் "இயற்கைச் சீற்றம், யாருக்கும் பணம் இல்லை" என்று செய்தி வந்தது. பிறகு வேறு தேதியில் வந்த அதே ஜோடி, முதல் தடவை ரத்துக் கட்டணம் கட்டினோம், அது உங்களுக்குத்தானே வந்திருக்கும் என்று என்னிடமே கேட்டார்கள். எனக்கு ஒரு யென்கூட வரவில்லை.

அடுத்து ட்ரோன். சாட்டன் (Chatan) என்ற ஊரின் கடற்கரையில், ஜோடி காத்திருக்கும்போது, "இரண்டு நிமிடம் மேலே விடுங்கள், யாரும் பார்க்க மாட்டார்கள்" என்று ஏஜென்சியின் கோஆர்டினேட்டர் அம்மா சொல்கிறார். ஜப்பானில் 100 கிராமுக்கு மேற்பட்ட எந்த ட்ரோனும் 2022 ஜூனிலிருந்து பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும், சம்பந்தமில்லாத ஆட்களிடமிருந்து 30 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும், இல்லையென்றால் முன் அனுமதி வேண்டும். அதற்கும் மேலே, கடேனா, ஃபுதென்மா போன்ற அமெரிக்க ராணுவத் தளங்களைச் சுற்றி இன்னொரு சட்டம் தனியாகத் தடுக்கிறது. கடேனா தளத்தை ஒட்டியிருக்கும் சாட்டனில் நின்றுகொண்டு இதைக் கேட்கிறார் பாருங்கள். மாட்டினால் போலீஸ் பிடிப்பது பறக்கவிட்டவனை, அதிலும் நாம் வெளிநாட்டுக்காரர்கள், விசா வேறு இருக்கிறது. முடியாது என்றேன். அந்த வேலைக்கான பணம் குறைந்து வந்தது, காரணம் "ட்ரோன் காட்சி சேர்க்கப்படவில்லை". ட்ரோன் என்ற பேச்சே முன்னால் எழவில்லை.

வரி விஷயத்தில் செய்ததுதான் எனக்கு அதிகக் கோபம், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் இதை அப்படியே நம்பிவிடுவார்கள். 2023 அக்டோபரில் ஜப்பானில் நுகர்வு வரிக்கு இன்வாய்ஸ் முறை வந்தது, அதாவது வரித்துறையில் பதிவு செய்தவர் தரும் பில் இருந்தால்தான் வாங்குகிற கம்பெனி அந்த வரியைத் தன் கணக்கில் முழுவதும் கழித்துக்கொள்ளலாம். உங்களிடம் பதிவு எண் இல்லை, எங்களுக்கு வரிக்கழிவு கிடைக்காது, ஆகவே 10 சதவீதம் பிடித்துக்கொள்கிறோம் என்றார்கள். இது அப்பட்டமான பொய். முதல் மூன்று ஆண்டுகளுக்கு, பதிவு இல்லாதவரிடம் வாங்கினாலும் அந்த வரியில் 80 சதவீதத்தை அவர்கள் கழித்துக்கொள்ளலாம். அவர்களுக்கு உண்மையில் நஷ்டம் சுமார் 2 சதவீதம், நம்மிடம் பிடித்தது முழு பத்து.

படங்களின் கதை தனி. ரா ஃபைலையும், அதாவது கேமராவில் பதிவான மூலக் கோப்பையும், சேர்த்து வாங்கிக்கொண்டார்கள், எடிட் அவர்கள் ஆள் செய்வார் என்று. சில மாதம் கழித்துப் பார்த்தால் நான் எடுத்த படம் அவர்கள் விளம்பரத்தில் இருக்கிறது, வானத்தை மாற்றியிருக்கிறார்கள், மேகமூட்டமான மே மாதக் கடலுக்கு மேல் ஆரஞ்சு நிற அஸ்தமனம், மணப்பெண்ணின் முகத்தில் விழும் வெளிச்சம் ஒரு பக்கம், சூரியன் இன்னொரு பக்கம். கேட்டதற்கு உரிமை முழுவதும் எங்களுடையது என்றார்கள். அப்படி எதிலும் நான் கையெழுத்துப் போடவில்லை. போட்டிருந்தாலும், ஜப்பானியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 27, 28 ஆம் பிரிவுகளின் உரிமைகளைப் பெயர் சொல்லி எழுதிக் கொடுக்காவிட்டால் அவை எடுத்தவரிடமே இருப்பதாகத்தான் கருதப்படும். மாற்றியமைக்கிற உரிமை அதில்தான் வருகிறது. "எல்லா உரிமையும்" என்று மட்டும் இருக்கிற தாளும், 27, 28 என்று எண் போட்டிருக்கிற தாளும் ஒன்றல்ல, கையெழுத்துக்கு முன் அந்த எண்களைத் தேடுங்கள்.

இனி, பணத்தை எப்படிக் கேட்டேன் என்பது. 2024 நவம்பர் 1 முதல் ஜப்பானில் ஃப்ரீலான்ஸ் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. வேலை கொடுக்கிறவர் என்ன வேலை, எவ்வளவு பணம், எந்தத் தேதியில் என்பதைக் காகிதத்திலோ மெயில் போன்ற மின்னணு வழியிலோ உடனே தெரிவிக்க வேண்டும். ஆள் வைத்து நடத்தும் கம்பெனி என்றால் வேலையைப் பெற்றுக்கொண்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் பணம் தர வேண்டும். மேலே இருக்கிறவர் இன்னும் தரவில்லை என்ற சாக்கு செல்லுபடியாக வேண்டுமென்றால், இது மறு ஒப்படைப்பு வேலை (வேறொருவரிடம் வாங்கி நமக்குத் தருவது), மேலே இருப்பவர் யார், அவர் தரும் தேதி எது என்பதையெல்லாம் முதலிலேயே எழுதித் தந்திருக்க வேண்டும். ஒரு மாதமும் அதற்கு மேலும் தொடரும் வேலை என்றால், நம் மேல் தப்பில்லாமல் பேசிய தொகையைக் குறைப்பதும் கூடாது.

ஃப்ரீலான்ஸ் ட்ரபுள் 110 என்று வழக்கறிஞர்கள் இலவசமாக ஆலோசனை தரும் சேவை இருக்கிறது, அங்கேதான் கேட்டேன். அவர்கள் முதலில் கேட்டதே லைன் உரையாடலின் படங்களை. என் கேள்வி, கீழே கரடி, என் கேள்வி, கீழே கரடி. அது போதுமான ஆரம்பம் என்றார்கள். அதன்பேரில் உள்ளடக்கச் சான்று அஞ்சலில், ஜப்பானியர்கள் நைய்யோ ஷோமேய் என்று சொல்வது, கடிதத்தில் என்ன எழுதினோம் என்பதற்குத் தபால் நிலையமே சான்று தரும் வகை, தொகையும் கெடுவும் போட்டு அனுப்பினேன். பாக்கிச் சம்பளத்தில் பெரும்பகுதியும் பிடித்த 10 சதவீதமும் வந்து சேர்ந்தன. விளம்பரப் படம் சத்தமில்லாமல் காணாமல் போனது. ட்ரோன் சாக்கில் வெட்டியதும் புயல் நாளுக்கானதும் இன்னும் வரவில்லை. 6 லட்சம் யென் வரைக்கும் சிறுதொகை வழக்கு, பொதுவாக ஒரே விசாரணையில் முடிகிற வகை, இருக்கிறது. நாஹா நீதிமன்றத்தில் போடுவதற்கான தாள்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

இதற்கிடையில் அவர்கள் அடுத்த சீசனுக்கு ஆள் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆங்கிலம் பேசும் வெளிநாட்டு போட்டோகிராபர், சொந்தக் கார், ட்ரோன் இருந்தால் முன்னுரிமை என்று அழைப்பு வரும், சம்பளம் "கலந்து பேசி". அப்படி ஒன்று உங்களுக்கு வந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், அதே ஆட்களா இல்லையா என்று சொல்கிறேன்.