ஈஸ்ட் பாட்டிலா, சிலிண்டரா?

பாளையங்கோட்டை வெயிலில் மீன்தொட்டிக்குள் செடி வளர்த்து, அதற்குக் கார்பன் டை ஆக்சைடு வாயு கொடுக்க நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன். அல்வாவுக்குப் போக வேண்டிய சீனியை ஈஸ்ட்டோடு பாட்டிலில் கலந்தால் கார்பன் டை ஆக்சைடு மலிவாக வரும், ஆனால் சூட்டில் ஈஸ்ட் வேகமாகப் பொங்கி முதல் சில நாள் குமிழி கொட்டும், அப்புறம் சொட்டுச் சொட்டாகக் குறையும். இந்த ஏற்ற இறக்கத்தில்தான் கருந்தாடிப் பாசி (தாடி மாதிரி கருப்பாக வளரும் பாசி) இலை ஓரத்தில் பிடித்துக்கொள்கிறது. ராத்திரியும் நிறுத்த முடியாது, தண்ணீரில் வாயு கூடி மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும்.

கார்பன் டை ஆக்சைடு அடைத்த சிலிண்டர் செலவுதான். ஆனால் சோலனாய்டு வால்வை (மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வு) டைமரில் மாட்டி, விளக்குக்கு ஒரு மணி நேரம் முன்பே திறந்து, டிராப் செக்கர் (தண்ணீரில் உள்ள வாயு அளவை நிறத்தில் காட்டும் சின்னக் குப்பி) பச்சையாக, அதாவது சுமார் 30 பிபிஎம்மில் (பத்து லட்சத்தில் 30 பங்கு), நிற்க வைக்கலாம். செடி சீராக வளர்ந்தால் பாசிக்கு இடமில்லை. சின்னத் தொட்டி என்றால் பாட்டில் போதும், சரி. 100 லிட்டர் தாண்டினால் நான் சிலிண்டர் பக்கம்தான். எதுவானாலும் விளக்கை 10 மணி நேரம் எரியவிடாதீர்கள்.