ஃபஸி லாஜிக் காற்றுத் தரக்கருவி: திருகோணமலையில் நீண்டகாலப் பாவனை

ஈ.எஸ்.பி32 என்ற சிறு கணினிப் பலகை, எம்.எச்-இசட்19பி காபனீரொட்சைட்டு உணரி, எஸ்.டி.எஸ்011 தூசு உணரி, கூடவே ஓர் ஈரப்பத உணரி. வகுப்பறைக்கும் கந்தோருக்கும் இவ்வளவே போதும். ஃபஸி லாஜிக் என்பது ஓர் அளவை ‘ஆம்’, ‘இல்லை’ என்று வெட்டாமல், ‘இவ்வளவு பங்கு நடுத்தரம், இவ்வளவு பங்கு அதிகம்’ என்று பிரிக்கும் கணக்கு. அது அளவுகளைச் சேர்த்து 0 (மோசம்) முதல் 100 (நல்லது) வரை புள்ளி போடும். வருடக்கணக்கில் ஓடவிட்டால், கணக்கு பிழைப்பதைவிட உணரி பிழைப்பதுதான் அதிகம்.

காபனீரொட்சைட்டுக்கு 1000 பி.பி.எம்.மில் (பத்து லட்சத்தில் 1000 பங்கு) ஒரே கோடு கிழித்தால் 990 நல்லது, 1010 கெட்டது என்று விளக்கு மாறி மாறி எரியும். ‘நடுத்தரம்’ 600–1000–1400 முக்கோணம், ‘அதிகம்’ 1000இல் தொடங்கி 1400இல் முழுமை என்று வைத்தால், 1100 என்பது 0.75 நடுத்தரம், 0.25 அதிகம், புள்ளி படிப்படியாக இறங்கும். பலர் கவனிக்காத பிழை வெளியீட்டில் இருக்கிறது. ‘மோசம்’ என்பதை 0–0–30 முக்கோணமாக வரைந்தால், இறுதிப் புள்ளியாக எடுக்கப்படும் அதன் மையப்போலி (முக்கோணத்தின் நடுமையம்) 10. அறை எவ்வளவு புழுங்கினாலும் புள்ளி 10க்குக் கீழே போகாது. −30–0–30 என்று நீட்டிவிடுங்கள்.

விதிகளில் ‘அல்லது’ முக்கியம்: காபனீரொட்சைட்டு அதிகம் அல்லது தூசு அதிகம் என்றால் ‘மோசம்’. கச்சான் வீசும்போது யன்னல் திறந்த வகுப்பில் காபனீரொட்சைட்டு குறைவு, தூசு அதிகம்; ஏசி கந்தோரில் நேர்மாறு. ஸ்பிளிட் ஏசி அறைக் காற்றையே சுழற்றும், வெளிக்காற்றை எடுக்காது. சராசரி எடுத்தால் இரண்டுமே ‘பரவாயில்லை’ என்று வந்துவிடும்.

ஈரப்பதத்தைப் புள்ளியில் சேர்க்காதீர்கள். குளிர்நாட்டு எல்லைகளை அப்படியே போட்டால் இங்கே வருடம் முழுக்கச் சிவப்புத்தான். அதன் வேலை வேறு: எஸ்.டி.எஸ்011க்கு உற்பத்தியாளர் தரும் ஈரப்பத எல்லை 70 சதவீதம். வாடை மழையில் நீர்த்துளியையும் அது தூசென்று எண்ணும், ஆகவே 70 தாண்டினால் தூசு விதியின் எடையைக் குறையுங்கள். நுளம்புத்திரிப் புகை மட்டும் பிழையல்ல, உண்மையான தூசு! நுண்தூசுக்கு (பி.எம்2.5) உலக சுகாதார நிறுவனம் தரும் எல்லையான கனமீற்றருக்கு 15 மைக்ரோகிராம் என்பது 24 மணிநேரச் சராசரி. நிமிட அளவோடு ஒப்பிடக் கூடாது.

தூசு உணரியின் ஆயுள் 8000 மணித்தியாலம். நிறுத்தாமல் ஓட்டினால் ஒரு வருடம்கூட வராது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் ஓட்டினால் நாலரை வருடம்.

எம்.எச்-இசட்19பியின் தானியங்கி அளவுத்திருத்தம், கண்ட மிகக் குறைந்த அளவை 400 என்று எடுத்துக்கொள்ளும். இரவிலும் ஆள் இருக்கும் மூடிய அறையில் காபனீரொட்சைட்டு 550க்குக் கீழே இறங்காவிட்டால், பிறகு எல்லாம் 150 குறைவாகக் காட்டும். தானியங்கித் திருத்தத்தை நிறுத்திவிட்டு, உணரியை நிழலான வெளியிடத்தில் 20 நிமிடத்துக்கு மேல் வைத்துக் கையால் திருத்துங்கள். கரண்ட் போய் வந்தால் முதல் மூன்று நிமிட அளவுகளைத் தள்ளிவிட வேண்டும்.

உப்புக்காற்றில் இணைப்பு ஊசிகள் கறல் பிடிக்கும். செருகும் வயருக்குப் பதில் பற்றவைத்து வார்னிஷ் பூசலாம், காபனீரொட்சைட்டு உணரியின் வெள்ளைச் சவ்வில் மட்டும் படக் கூடாது.