அயோவா மான் டேக்: சொந்த நிலம் இருந்தும் ஐந்தாம் வருஷம் கிடைத்தது

வெளி மாநிலத்துக்காரனாக அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மான் டேக் (ஒரு மானைச் சுட அரசு தரும் அனுமதிச் சீட்டு) வாங்கி, போன டிசம்பரில் அதைப் பயன்படுத்தி முடித்தேன். துப்பாக்கிக்கும் பூட்ஸுக்கும் ரெவ்யூ எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். டேக்குக்குத் தமிழில் ஒருவர் எழுதியும் நான் பார்த்ததில்லை. என் வேட்டைச் செலவில் அதிகப் பணத்தையும் அதிகக் காலத்தையும் எடுத்துக்கொண்டது இந்தத் துண்டுச் சீட்டுதான். அதனால் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. வேட்டை லைசென்ஸ், வனவிலங்கு வாழிடக் கட்டணம், கொம்பு மான் உட்பட எந்த மானையும் சுடலாம் என்கிற டேக், அதோடு சேர்ந்தே வரும் கொம்பில்லா மான் டேக், எல்லாம் சேர்த்து 640 டாலரைத் தாண்டுகிறது. வெளி மாநிலத்தாருக்கு டேக் குலுக்கலில்தான் கிடைக்கும். பெயர் வராத ஒவ்வொரு வருஷமும், அடுத்த குலுக்கல்களில் முன்னுரிமை தருகிற ஒரு பிரிஃபரன்ஸ் பாயின்ட் வாங்கி வைக்கலாம், அது 60 டாலர் சொச்சம். எனக்கு நான்கு பாயின்ட் சேர்ந்து ஐந்தாம் வருஷம் டேக் வந்தது. ஆக 900 டாலருக்குக் கொஞ்சம் குறைவு. உள்ளூர்க்காரர் மான் டேக்குக்கு மட்டும் முப்பது டாலர் சொச்சம் கட்டுகிறார். அவருக்கு வரிசையும் கிடையாது.

நிலம் வாங்கும்போது எனக்கு இந்த வரிசை இருப்பதே தெரியாது. நான் மினசோட்டாவில் வசிக்கிறேன். தெற்கு அயோவாவில், மிசூரி எல்லையை ஒட்டிய வேய்ன் கவுன்ட்டியில் 80 ஏக்கர் வாங்கினேன். பாதி ஓடைக்கரை மரக்காடு, பாதி சோளமும் சோயாவும் போடுகிற வயல். வயலைக் குத்தகைக்கு விட்டிருக்கிறேன். நிலத்தைக் காட்டிய புரோக்கர் காட்டின் ஓரத்தில் நின்று, "நிலம் உங்கள் பெயரில் வந்ததும் லேண்ட்ஓனர் டேக் தானாக வரும்" என்று தெளிவாகச் சொன்னார். கையெழுத்துப் போட்ட பிறகு விதிப் புத்தகத்தைப் பிரித்தேன். அந்த டேக் அயோவாவில் குடியிருந்து விவசாயம் பார்ப்பவர்களுக்கும் அவர்களுடைய குத்தகைதாரர்களுக்கும் மட்டும். அவர்களுக்கு அது ஒன்றிரண்டு டாலர்தான். நான் 80 ஏக்கருக்குச் சொத்து வரி கட்டினாலும், கொம்பு மான் டேக் விஷயத்தில் சிகாகோ அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்பவரும் நானும் ஒன்று. புரோக்கருக்கு போன் செய்தேன். சட்டம் மாறப்போகிறது, எல்லோரும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள் என்றார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை. மான் வேட்டைக்காக அயோவாவில் நிலம் பார்க்கிறவர்கள் யாராக இருந்தாலும், முன்பணம் கொடுக்கும் முன் விதிப் புத்தகத்தில் இந்த ஒரு பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

சட்டம் சொல்வது இதுதான். வெளி மாநிலத்தாருக்குக் கொம்பு மான் டேக் ஆண்டுக்கு 6,000, அவ்வளவே. அதில் வில் அம்பு சீசனுக்கு 35 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. மாநிலத்தை மண்டலங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு வைத்திருக்கிறார்கள். தெற்கு மண்டலங்களில் வில் அம்பு டேக்குக்குத்தான் பெரிய வரிசை. நான் டிசம்பரில் வரும் இரண்டாம் ஷாட்கன் சீசன் கேட்டதால் ஐந்து வருஷத்தில் முடிந்தது என்றே நினைக்கிறேன்.

வெளி மாநில நிலச்சொந்தக்காரருக்கு ஒரு சலுகை உண்டு. புரோக்கர்கள் அதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. கொம்பு மான் குலுக்கலில் தோற்றால், கொம்பில்லா மான் டேக்கில் நமக்கு முன்னுரிமை. நம் சொந்த நிலத்தில் மட்டும்தான் செல்லும். ஒரே நிலத்துக்கு நான்கு பேர் பங்காளிகள் என்றால் ஒருவருக்குத்தான். காத்திருந்த நான்கு வருஷத்தில் இந்த வழியில் மூன்று பெட்டை மான்கள் எடுத்தேன். வேட்டை தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: மான் கூட்டம் பெருகாமல் இருக்கச் சுட வேண்டியது பெட்டையைத்தான். என் குத்தகைதாரர் இதற்காகவே என்னிடம் முகம் கொடுத்துப் பேச ஆரம்பித்தார். காட்டோரத்துச் சோயா வரிசைகளில் நுனி இலை இருப்பதே இல்லை, குச்சியாக நிற்கும்.

முதல் இரண்டு வருஷம் நானும் கொதித்துக்கொண்டுதான் இருந்தேன். என் நிலம், என் வரி, என் நிலத்துச் சோயாவைத் தின்று வளர்ந்த மான், அதைச் சுட ஏன் வரிசையில் நிற்க வேண்டும் என்பது என் வாதம். இன்னொன்றும் சேர்த்துக்கொள்வேன். 1937-ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி நீள் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் கூட்டாட்சி அரசு 11 விழுக்காடு வரி எடுத்து, வனவிலங்குப் பணிக்காக மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. அந்தப் பணத்தில் என் பங்கும் இருக்கிறதே என்பேன்.

கோர்ட் இதை ஏற்கவில்லை. 1978-இல் மான்டானா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்பு சொல்லிவிட்டது. அங்கே உள்ளூர்க்காரர் 9 டாலருக்கு எல்க் (பெரிய மான் வகை) லைசென்ஸ் வாங்க, வெளியூர்க்காரர் பல விலங்குகளுக்குச் சேர்த்து 225 டாலர் கூட்டு லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்தது. பொழுதுபோக்கு வேட்டை அரசியல் சட்டம் காக்கிற அடிப்படை உரிமை அல்ல, அதனால் மாநிலம் வேறுபாடு காட்டலாம் என்றார்கள். 2005-இல் நாடாளுமன்றமும் மாநிலங்களின் இந்த அதிகாரத்தை உறுதி செய்து சட்டம் போட்டது. 2013-இல் அயோவா உச்ச நீதிமன்றத்துக்கு என்னைப் போன்ற நிலச்சொந்தக்காரர்களின் வழக்கே வந்தது. வேறு மாநிலத்தில் குடியிருக்கும் தம்பதி, அயோவாவில் நிலம் வைத்திருந்தார்கள். நிலம் இருப்பதாலேயே அந்த மாநிலத்துக்காரர் ஆகிவிட முடியாது என்று தீர்ப்பாயிற்று. மான் யாருடைய சொத்தும் இல்லை, மக்கள் சார்பில் மாநிலத்தின் பொறுப்பில் இருக்கிறது. என் வேலியைத் தாண்டி வருவதால் அது என்னுடையது ஆகாது.

இதெல்லாம் சட்டம். என் மனதை மாற்றியது பக்கத்து நிலத்துப் பெரியவரின் டிராக்டர் ஷெட்டில் நடந்த பேச்சு. எழுபது வயதுக்கு மேல், பிறந்ததே அந்த மண்ணில்தான். கம்பைன் அறுவடை இயந்திரத்தின் செயினுக்கு கிரீஸ் தடவிக்கொண்டே கேட்டார்: "உனக்கு வருஷா வருஷம் டேக் நிச்சயம் என்றால், இந்த 80 ஏக்கருக்கு இன்னும் எவ்வளவு கூடக் கொடுத்திருப்பாய்?" யோசித்துப் பார்த்து உண்மையைச் சொன்னேன். ஏக்கருக்கு ஆயிரம் டாலர் கூடவே கொடுத்திருப்பேன். அவர் கிரீஸ் துணியை மடித்து வைத்துவிட்டு, தன் பேரன் சின்ன வயதிலிருந்து சுற்றித் திரிந்த காடு நான் வாங்கிய காடுதான் என்றார். குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அயோவாவில் 97 விழுக்காட்டுக்கு மேல் தனியார் நிலம். ஒரு காடு கை மாறி கேட் பூட்டப்பட்டால், அந்த ஊர்ப் பையனுக்கு நடந்து போக வேறு இடம் பெரிதாக இல்லை. வெளி மாநில நிலச்சொந்தக்காரருக்குத் தனி டேக் வேண்டும் என்று சட்டமன்றத்தில் திரும்பத் திரும்ப மசோதா வருகிறது. அதை எதிர்க்கிறவர்கள் பொறாமையில் பேசுவதாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன். அப்புறம் அப்படி நினைக்க முடியவில்லை.

சரி, டேக்குக்கு வருவோம். கொடுத்த காசுக்கு என்ன கிடைக்கிறது? வயது முதிர்ந்த மான். என் நிலத்திலிருந்து கொஞ்ச தூரம் தெற்கே போனால் மிசூரி. அங்கே வெளியூர்க்காரரும் வரிசை இல்லாமல் டேக் வாங்கிவிடலாம். நவம்பர் நடுவில், கிடாக்கள் பெட்டையைத் தேடி நிதானம் இழந்து பகலிலேயே ஓடும் நாட்களில், ரைஃபிள் சீசன் திறக்கும். அயோவாவில் அந்த நாட்கள் வில் அம்புக்காரர்களுக்கு. பெரியவர்களுக்கான முதல் ஷாட்கன் சீசன் டிசம்பர் முதல் சனிக்கிழமை தொடங்கி ஐந்து நாள், இரண்டாவது அடுத்த சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள். ரைஃபிளிலும், கழுத்துப் பக்கம் ஒடுங்காத நேர்ச்சுவர் தோட்டா போடுகிற வகைதான் செல்லும். அதனால் கிடாக்கள் நாலு வயதையும் ஐந்து வயதையும் தொடுகின்றன. மண்ணும் சோளமும் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் இந்தக் கட்டுப்பாட்டால் வருவது. அதைத் தளர்த்திவிட்டு அதே கிடாவும் வேண்டும் என்று கேட்க முடியாது.

இரண்டாம் சீசனின் ஆறாம் நாள் காலையில் எனக்குக் கிடா கிடைத்தது. ஓடை வளைவில் ஓக் மரத்தில் சாய்த்த ஏணி ஸ்டாண்டில் இருட்டோடு ஏறி உட்கார்ந்தேன். ஏழரை மணி சுமாருக்கு ஓடைப் பக்கம் மெல்லிய பனித்தகடு நொறுங்கும் சத்தம். ஒரு அடி, நிறுத்தம். இன்னொரு அடி, நிறுத்தம். பெட்டைகள் அப்படி வராது, சேர்ந்து சளசளவென்று வரும். கிடா கரையேறித் தலையைத் தூக்கியபோது மூச்சு வெள்ளையாகக் கொம்புக்கு நடுவே ஏறியது. எழுபது கஜம். தோளுக்குப் பின்னால் ஒரே தோட்டா. நாற்பது அடி ஓடி விழுந்தது.

கண்டுபிடித்த 15 நிமிடத்துக்குள், அல்லது உடலை நகர்த்தும் முன், எது முந்தியோ அதற்குள் டேக்கைக் கட்ட வேண்டும். கொம்பு மானுக்குக் கொம்பிலேயே, கிளைகளுக்கு நடுவில். விரல் மரத்துப் போயிருந்தது. தேதியை வெட்டிக் குறித்து, பசை நாடாவைக் கொம்பைச் சுற்றி ஒட்டுவதற்குள் இரண்டு தடவை நழுவிவிட்டது. ஐந்து வருஷம் காத்திருந்த சீட்டு அந்தச் சொரசொரப்பான கொம்பில் ஒட்டியதும் கண் கலங்கியது. எட்டுக் கிளை. பெரியவர் வந்து தாடையைத் திறந்து பல் தேய்மானத்தைப் பார்த்து, ஐந்து வயதுக்குக் குறையாது என்றார். மறுநாள் நள்ளிரவுக்குள் செய்ய வேண்டிய பதிவை போனிலேயே முடித்தேன், மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

இரண்டாவது டேக்கில் எடுத்த பெட்டையை ஹஷ் திட்டத்துக்குக் கொடுத்தேன். திட்டத்தில் சேர்ந்த இறைச்சிக் கடையில் முழு மானையும் ஒப்படைத்தால், அரைத்துப் பசித்தவர்களுக்குப் போகிறது. நமக்குச் செலவில்லை. ஒவ்வொரு மான் டேக்கிலும் இதற்கென்று ஒரு டாலர் பிடிக்கிறார்கள். 640 டாலரில் நான் மனம் நிறைந்து கொடுத்த காசு அது.

குறை என்று சொல்ல ஒன்று இருக்கிறது. கொம்பில்லா மான் டேக்கை, குலுக்கலில் தோற்ற நிலச்சொந்தக்காரருக்கு முன்னுரிமை என்று வைக்காமல், கேட்கிற ஒவ்வொரு நிலச்சொந்தக்காரருக்கும் வருஷா வருஷம் நேரடியாகவே கொடுக்கலாம். உள்ளூர்க்காரரின் கிடாவில் அது கை வைக்காது. சோயாக்காரருக்கும் நல்லது. நிலத்தின் விலையையும் ஏற்றாது, பெட்டை மானுக்காக யாரும் ஏக்கருக்கு ஆயிரம் டாலர் கூடக் கொடுப்பதில்லை. கட்டணத்தையும் கொஞ்சம் குறைக்க வேண்டும். 6,000 என்கிற வரம்பு மட்டும் அப்படியே இருக்கட்டும். அதில் என் வரிசை நீண்டாலும் சரி.

புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம். 1972 ஜனவரி முதல் தேதியிலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் ஹன்டர் எஜுகேஷன் (வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி) சான்றிதழ் காட்ட வேண்டும். வேலை விசாவில் இருப்பவர்கள் கூட்டாட்சிச் சட்டப்படி துப்பாக்கியே வைத்திருக்கக் கூடாது. அதற்குள்ள விதிவிலக்குகளில் ஒன்று செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ். அது கைக்கு வரும் முன் நண்பரின் துப்பாக்கியைத் தொட்டுக்கூடப் பார்க்காதீர்கள்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். புரோக்கருக்கு ஒன்றும் இல்லை.

என் பாயின்ட் மறுபடி பூஜ்யத்தில் நிற்கிறது. மே முதல் சனிக்கிழமை குலுக்கல் திறந்ததும் திரும்ப எழுதிப் போடுவேன். பெரியவரின் பேரன் இந்த வசந்தத்தில் ஹன்டர் எஜுகேஷன் முடித்துவிட்டான். செப்டம்பரில் இளையோர் சீசனுக்குத் தாத்தாவோடு அந்த ஓக் மரத்து ஸ்டாண்டில் உட்காரச் சொல்லி, கேட் சாவியின் நகல் ஒன்றையும் அவர்களிடம் கொடுத்திருக்கிறேன். ஏணியின் மூன்றாவது படி ஆடுகிறது, ஆகஸ்டுக்குள் போய் அதை மாற்ற வேண்டும்.