கெட்டி எண்ணெய் வடிக்க: சிரிஞ்ச் வடியா, வக்யூம் வடியா?

மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடி, ஏறாவூர்ப் பக்கம் வீட்டில் தலைமுடி எண்ணெய் காய்ச்சி விற்கும் சகோதரிகள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: துணியில் வடித்தும் போத்தலின் அடியில் மண்டி நிற்கிறது, ஆய்வுகூடங்களில் பாவிக்கும் சிரிஞ்ச் வடியை வாங்கலாமா, வக்யூம் வடியை வாங்கலாமா? லீற்றர் கணக்கில் காய்ச்சுபவருக்கு என் பதில் வக்யூம். ஆனால் எதை வாங்கினாலும் எண்ணெய் முதலில் வடிபடும் நிலைக்கு வர வேண்டும்.

தேங்காயெண்ணெய் தண்ணீரைவிட முப்பது மடங்குக்கு மேல் பாகுத்தன்மை, அதாவது ஓட மறுக்கும் கெட்டித்தன்மை, உள்ளது. ஆமணக்கெண்ணெய் அதையும் தூக்கிச் சாப்பிடும். தண்ணீரோடு ஒப்பிட்டால் நூற்றுக்கணக்கான மடங்கு. பாகு இரட்டித்தால் வடிபடும் நேரமும் இரட்டிக்கும். ஆனால் 25 பாகை செல்சியஸில் இருக்கும் ஆமணக்கெண்ணெயை 60 பாகைக்குச் சூடாக்கினால் பாகு ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். எந்தப் பம்பும் தராத உதவி இது. மார்கழி மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை: தேங்காயெண்ணெய் 24, 25 பாகையில் உறையத் தொடங்கும். கண்ணுக்குத் தெரியாத கொழுப்புத் துகள்கள் வடியை அடைத்துவிட, வடிதான் சரியில்லை என்று நினைத்து மாற்றிக்கொண்டே இருப்போம்.

சிரிஞ்ச் வடி சின்ன வட்டு. பெரும்பாலும் 25 மில்லிமீற்றர் விட்டம், உள்ளே மென்சவ்வு, துளை 0.45 அல்லது 0.22 மைக்ரோமீற்றர். பரிசோதனைக்கு ஐந்து, பத்து மில்லிலீற்றர் தெளிவாக எடுக்க இதைவிட நல்லது இல்லை. மூலிகை எண்ணெயை நேரே ஊற்றினால் கல்கத்தின், அதாவது எண்ணெயில் போட்டுக் காய்ச்சிய மூலிகை விழுதின், பொடி சில மில்லிலீற்றரிலேயே அடைத்துவிடும். பிறகு பெருவிரல் நோக அமுக்குவீர்கள். திடீரென்று சிரிஞ்சின் தண்டு இலகுவாக இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள். மென்சவ்வு கிழிந்திருக்கும், வடித்ததையும் திரும்ப வடிக்க வேண்டும். சிரிஞ்ச் சிறிதானால் அதே விரல் பலத்துக்கு அமுக்கம் கூடும் என்பதால் 3 மில்லிலீற்றர் சிரிஞ்சைவிட 10 நல்லது. திருகிப் பூட்டும் வாய் உள்ளதையே வாங்குங்கள், வெறுமனே செருகுவது கழன்று சூடான எண்ணெய் முகத்தில் தெறிக்கும். 0.22 வடியில் வடித்தாலும் வீட்டில் காய்ச்சிய எண்ணெய் உடம்பில் ஊசி ஏற்ற ஒருபோதும் உகந்ததல்ல; யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

வக்யூம் வடி என்பது தாள் விரித்த புனலைக் குடுவையின் மேல் பூட்டி, குடுவையின் காற்றைப் பம்பால் இழுப்பது. அதில் எண்ணெயைத் தள்ளுவது விரல் அல்ல, வளிமண்டலம். எவ்வளவு நல்ல பம்ப் என்றாலும் ஒரு வளிமண்டல அமுக்கத்துக்கு மேல் கிடைக்காது. விரல் பலம் அதைவிடக் கூட, அது உண்மை. ஆனால் 90 மில்லிமீற்றர் புனலின் பரப்பு 25 மில்லிமீற்றர் வட்டைப்போல 13 மடங்கு. கெட்டி எண்ணெயில் வெல்வது இந்தப் பரப்புத்தான். அதில் 20 முதல் 25 மைக்ரோமீற்றர் பிடிக்கும் வாட்மன் என்ற கம்பனியின் 4ஆம் இலக்க வடிதாளைப் போட்டாலே தலைமுடி எண்ணெய்க்குப் போதும், மென்சவ்வு தேவையில்லை. தாளை நனைப்பது அதே எண்ணெயால், தண்ணீரால் அல்ல. தண்ணீரில் ஊறிய தாள் எண்ணெயை உள்ளே விடாது. கீழே இருக்க வேண்டியது தடித்த கண்ணாடிக் குடுவை. ஜாம் போத்தல் வக்யூமில் உள்நோக்கி நொறுங்கலாம். குடுவைக்கும் பம்புக்கும் நடுவே வெற்றுக் குடுவையொன்று இருந்தால் பொங்கும் எண்ணெய் பம்புக்குள் போகாது.

ஏன் பொங்குகிறது? ஈரம். வக்யூமில் 60 பாகையிலேயே தண்ணீர் கொதித்துவிடும். இதுதான் பலர் கவனிக்காத இடம்: போத்தல் கலங்குவதற்குப் பாதிநேரம் துகள் காரணமல்ல, ஈரம். அதை எந்த வடியும் நிறுத்தாது. வைத்தியர்கள் செய்வதுபோல கல்கத்தை விரலால் உருட்டிப் பாருங்கள், திரியாக உருள வேண்டும். அதை நெருப்பில் காட்டினால் சடசடக்காமல் எரிய வேண்டும். சடசடத்தால் இன்னும் காய்ச்ச வேண்டும்.

மாதத்துக்கு ஒரு போத்தல் காய்ச்சுபவருக்கு இரண்டுமே வீண் செலவு. இரண்டாக மடித்த பருத்தித் துணியில் சூட்டோடு வடித்து, மூன்று நாள் அசைக்காமல் வைத்து, மேல் எண்ணெயை மட்டும் சரித்து எடுக்கலாம். விற்பனைக்கென்றால் முதலில் துணி, பிறகு வக்யூம் புனல். கரண்ட் அடிக்கடி போகும் இடமென்றால் கையால் இழுக்கும் பம்ப் வாங்குங்கள், பாதியில் நின்ற எண்ணெய் ஆறிவிட்டால் திரும்பவும் சூடாக்க வேண்டிவரும்.